கமாவுக்கு அடுத்து நிற்பது யார்?

போன மாதம் என் பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். எங்களிடம் உடுப்பு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் எழுதுவது அவள் வேலை. முன்பு அது என் வேலை.

“கிரேஸ்க்கா, இப்பெல்லாம் நாங்க எழுதறதே இல்லீங்க. தமிழும் இங்கிலீசும் கலந்து நாலு வார்த்தை போட்டா கம்ப்யூட்டரே அழகா எழுதிக் குடுத்துருதுங்க. ஆனா இன்னிக்கு ஒரு மெயிலை கவிதா மேடம் அனுப்பக் கூடாதுன்னு நிறுத்திப்போட்டாங்க. என்ன தப்புன்னு உங்களைக் கேக்கச் சொன்னாங்க.”

அவள் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தது: லைட்டில் பார்த்து ஷேடு ஓகே. கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்தது: After checking under the light, the buyer approved the shade. அதாவது, விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பிறகு பையர் அந்த நிறத்தை ஒப்புக்கொண்டார்.

“லைட்டுல பாத்தது யாரும்மா?”

“நம்ம லேப்புலதானுங்க.”

“ஓகே சொன்னது?”

“அதுவும் லேப்புதானுங்க. பையருக்கு இனிமேத்தான் துணியே அனுப்போணும்...” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். “ஐயோ, அக்கா!”

ஒப்புக்கொள்ளாத பையரிடமே, நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள் என்று சொல்ல இருந்தோம்! இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. கமாவுக்கு அடுத்து ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வேலம்பாளையம் லேப்பில் விளக்கடியில் நின்று துணியைப் பார்த்தவர் யார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? பாவம், கையில் கிடைத்த ஆளைப் பிடித்து நிறுத்திவிட்டது.

போனை வைத்த பிறகும் எனக்குப் பரபரப்பு அடங்கவில்லை. அந்தக் கமாவை வைத்துக்கொண்டு நாங்கள் அடித்த கூத்தையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கே உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். கல்யாணமாகி, கணவர் திருப்பூர் நல்லூரில் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்ததால் இங்கே வந்தேன். தபால் வழியில் ஆங்கில இலக்கியம் படித்தேன், டைப்பிங் தெரியும். சின்னச் சின்ன கம்பெனிகளில் பில் அடித்து, ஃபேக்ஸ் அனுப்பி, கடைசியில் வேலம்பாளையத்தில் குழந்தைகள் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே நிற்கிற பிரிவு அது. பையர் சொல்வதை இங்கே புரியவைக்க வேண்டும், இங்கே நடப்பதை அங்கே எழுத வேண்டும்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக வந்தவர் கவிதா மேடம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். காங்கயம் பக்கத்து விவசாயக் குடும்பம், டெக்ஸ்டைல் படித்தவர். கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். “ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?” என்றால் சாதாரணம். “தயவுபண்ணிக் கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறீங்களாங்க?” என்றால் ஆபீஸ் முழுக்க தலை குனிந்துகொள்ளும்.

அவர் வந்த புதிதில் நடந்தது இது. ஒரு பனியன் சாம்பிளை வெந்நீரில் இரண்டு முறை துவைத்துப் பார்த்தோம். சாயம் போகவில்லை. அதைப் பையருக்கு அவரே எழுதினார்: After being washed twice in hot water, I found no change in colour.

மறுநாள் பதில் வந்தது. அந்தப் பையர் வயதானவர், குறும்புக்காரர். “அன்புள்ள கவிதா, உங்களை வெந்நீரில் இரண்டு முறை துவைத்தும் சாயம் போகவில்லை என்பதில் மிக்க மகிழ்ச்சி. பனியன் எப்படி இருக்கிறது?”

எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேடம் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டோம். அவரோ வாக்கியத்தை மறுபடி வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏனுங்க்கா, நாந்தானுங்க வெந்நீர்ல வெந்திருக்கறேன்!” என்றார்.

வேறு மேலதிகாரியாக இருந்தால் அந்த மெயிலை அழித்திருப்பார். இவர் அதைப் பிரிண்ட் எடுத்துத் தன் மேஜைக்கு மேல் சுவரில் ஒட்டினார். அதோடு விடவில்லை. “இது எப்படிங்க்கா நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போச்சு?” என்று என்னைக் கேட்டார். அன்றைய மதியச் சாப்பாட்டை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

காரணம் எங்கள் தமிழில் இருந்தது. மழை பெய்து குளம் நிறைந்தது என்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். வேலைகள் இரண்டு, செய்தவையும் இரண்டு. தமிழ் அதை ஏற்றுக்கொள்கிறது. துவைத்துப் பார்த்தேன், சாயம் போகவில்லை என்றால் துவைக்கப்பட்டது பனியன் என்று நமக்குக் கேட்காமலே புரிகிறது. ஆங்கிலத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. வாக்கியத்தின் முன்பாதியில் ஆள் பெயர் சொல்லாமல் ஒரு வேலையைச் சொல்லிக் கமா போட்டால், கமாவுக்கு அடுத்து யார் நிற்கிறாரோ அவர் தலையில்தான் அந்த வேலை விழும். உரிய ஆள் அங்கே இல்லாவிட்டால் அந்த முன்பாதி அந்தரத்தில் தொங்கும். ஆங்கில இலக்கணத்தில் அதற்கு டேங்லிங் மாடிஃபையர் என்று பெயர். தொங்கும் அடைமொழி என்று நான் தமிழில் சொன்னதும் மேடம் துள்ளினார்.

“செக்கிங்ல நூல் தொங்குனா வெட்டிப்போடறோமுங்க. இது தொங்குனா வெட்டக் கூடாதுங்க்கா. உரிய ஆளோட சேத்துத் தைக்கோணும்.”

அன்றைக்கு அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். சந்தேகமான வாக்கியத்தைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். காகிதத்தைச் சரியாகக் கமாவில் மடிக்க வேண்டும். முன்பாதி பின்னால் போய்விடும், பின்பாதி மட்டும் கண்ணுக்குத் தெரியும். அதன் முதல் பெயரில் விரலை வைத்து, “ஆருங்க இது?” என்று கேட்க வேண்டும். பிறகு காகிதத்தைத் திருப்பி முன்பாதியை வாசித்து, “இவிங்கதான் இதைச் செஞ்சாங்களா?” என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் மெயில் போகலாம். இல்லை என்றால் தைப்பதற்கு இரண்டு வழி. செய்தவரைக் கூட்டிவந்து கமாவுக்கு அடுத்து நிறுத்தலாம். அல்லது முன்பாதிக்குள்ளேயே அவரைக் குடிவைத்துவிடலாம்: After we washed the T-shirt twice. நாங்கள் பனியனைத் துவைத்த பிறகு என்று வந்துவிட்டால், அப்புறம் கமாவுக்கு அடுத்து யார் நின்றாலும் நனைய மாட்டார்கள்.

அவ்வளவுதான்! ஆனால் அது எங்களுக்குப் பிடித்த ஆட்டமாகிவிட்டது. Packed in cartons, our director inspected the goods. எங்கள் டைரக்டரை அட்டைப்பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள் ஷிப்பிங்காரர்கள். Hanging in the showroom, you will like the red one. பையரையே ஷோரூமில் ஹேங்கரில் மாட்டிவிட்டான் புதுப் பையன் ஒருவன். ஒவ்வொன்றும் அகப்படும்போது காகிதம் மடியும், “ஆருங்க இது?” என்ற குரல் எழும், ஆபீஸ் சிரிப்பில் அதிரும்.

அது சிரிப்பு விஷயம் மட்டுமில்லை என்று தெரிந்த நாள் பிறகு வந்தது.

குழந்தைகள் உடுப்புக்கு ஸ்னாப் பட்டன் அடிக்கிற மெஷின் ஒன்று உண்டு. பெடலை மிதித்தால் மேலிருந்து ஒரு அச்சு இறங்கி பட்டனைத் துணியில் பதிக்கும். விரல் உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு கவர் இருக்கும். அந்த மெஷினில் வேலை பார்த்தவள் முத்துமாரி. அவளும் தெற்கத்திக்காரி, விளாத்திகுளம் பக்கம். ஒரு நாள் காலை அவளுடைய ஆள்காட்டி விரல் அச்சுக்கடியில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, விரல் போகவில்லை. நுனி நசுங்கி, தையல் போட்டார்கள்.

சில நாள் கழித்து, கையில் பெரிய கட்டோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“யக்கா, இத வாசிச்சுச் சொல்லுங்க. கையெழுத்துப் போடச் சொல்லுதாவ.”

ஆங்கில நோட்டீஸ். பாதுகாப்புக் கவரை நீ கழற்றிவிட்டு மெஷினை ஓட்டியதால் விபத்து நடந்தது. உன்னை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று விளக்கம் தரவும். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துப்போனது.

“நானா? நான் கழத்தவே இல்லக்கா! அத கழத்த ஸ்பேனர் வேணும். எங்கிட்ட ஏது ஸ்பேனரு?”

“பொறு. எதுலயும் கையெழுத்துப் போட்டுறாத. நான் பாத்துட்டு வாரேன்.”

எச்.ஆர். அதிகாரி பிரபுவிடம் ஓடினேன். நல்ல மனிதர்தான். விபத்து நடந்தால் பையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதன்படி மெயில் அனுப்பியிருக்கிறார். கவரைக் கழற்றிய தொழிலாளி மேல் என்ன நடவடிக்கை என்று பையர் தரப்பு கேட்டிருக்கிறது. அதனால்தான் நோட்டீஸ்.

“அவதான் கழட்டுனான்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?”

“ரிப்போர்ட்லயே இருக்குதுங்களே,” என்றார்.

பார்த்தேன். தையல் பகுதியிலிருந்து தமிழில் எழுதி வந்த ரிப்போர்ட்: கவரைக் கழற்றிவிட்டு மெஷின் ஓட்டும்போது விரல் மாட்டிக்கொண்டது. கழற்றியது யார் என்று அதில் இல்லை. தமிழுக்கு அது தேவைப்படவில்லை. பிரபு அதை அப்படியே ஆங்கிலமாக்கியிருந்தார்: After removing the safety guard, the operator’s finger got caught in the machine.

நாங்கள் அத்தனை நாள் சிரித்த அதே வாக்கியம்! அதைக் கையில் எடுத்துக்கொண்டு கவிதா மேடத்திடம் ஓடினேன். வாசித்தார். சிரிக்கவில்லை. எழுந்து நேராக முதலாளி அறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். பிரபுவும் வந்துவிட்டார்.

மேடம் முதலாளி முன்னால் காகிதத்தைக் கமாவில் மடித்தார். “சார், தயவுபண்ணி இந்தப் பக்கம் மட்டும் படிக்கறீங்களா? மொதல்ல நிக்கறது ஆருங்க?”

“ஆபரேட்டரோட விரலுங்க.”

காகிதத்தைத் திருப்பினார். “இந்தப் பக்கம்?”

“கவரைக் கழட்டின பிறகு.”

“அப்ப, விரலு கவரைக் கழட்டுச்சுங்களா சார்?”

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்தவர் பாதியில் நிறுத்தினார்.

“விரலு கழட்டாதுங்க. அதனால அங்க இருக்கற பையர் என்ன நெனச்சுக்கிட்டாரு? விரலுக்குச் சொந்தக்காரி கழட்டுனான்னு நெனச்சுக்கிட்டாரு. நம்மளும் அதை நம்பி நோட்டீஸ் அடிச்சுப்போட்டோம். நெசமா கழட்டுனது ஆருங்க?”

ஸ்பேனர் வைத்திருக்கிற மெக்கானிக் ராகேஷைக் கூப்பிட்டார்கள். பீகார்க்காரன், தமிழ் பேசுவான், தன் பாணியில்.

“நான்தான் கவர் எடுத்தான் சார். ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு. புது ஸ்பிரிங் ஸ்டோர்ல எடுக்கப் போனான். திரும்ப வந்தா, அக்கா கை ரத்தம்.”

அடுத்து லைன் சூப்பர்வைசர் வந்தார். உள்ளூர்க்காரர், தலை நரைத்தவர். நின்றபடியே தரையைப் பார்த்தார்.

“நாந்தானுங்க ஓட்டச் சொன்னேன். பழைய ஸ்பிரிங்லயே ஓடுச்சுங்க. அவன் வர்ற வரைக்கும் நாலு பீஸ் போகட்டுமேன்னு... முத்துமாரி, கவர் இல்லையேண்ணேன்னு கேட்டுச்சுங்க. பாத்து ஓட்டும்மான்னு சொல்லிப்போட்டேன்.”



பிரபு மெல்லச் சொன்னார்: “சார், மெயில் போயிருச்சுங்க. இப்ப மாத்துனா பையர் நம்மளை நம்ப மாட்டாங்க. வேணும்னா, கவர் கழற்றப்பட்டிருந்ததுன்னு மட்டும் எழுதிடலாமுங்க. ஆரு பேரும் வேண்டாம்.”

நான் வாய் திறந்துவிட்டேன். முதலாளி முன்னால் அதுவரை நான் தானாகப் பேசியதே இல்லை. “சார், அது இன்னும் மோசம். கழற்றப்பட்டிருந்ததுன்னு சொன்னா ஆளையே காணோம். ஆள் இல்லாத எடத்துல முத்துமாரியத்தான் மறுபடியும் கொண்டுபோய் நிறுத்துவாங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். “அப்ப எப்படிங்க எழுதறது?”

மேடமும் நானும் அங்கேயே உட்கார்ந்தோம். தொங்குவதற்கு இடமே இல்லாமல் சின்னச் சின்ன வாக்கியங்களாக முதலில் தமிழில் எழுதினேன். ஒவ்வொன்றிலும் செய்தவர் இருந்தார். ஸ்பிரிங் மாற்றுவதற்காக மெக்கானிக் கவரைக் கழற்றினார். அவர் திரும்புவதற்குள் சூப்பர்வைசர் மெஷினை ஓட்டச் சொன்னார். கவர் இல்லை என்று ஆபரேட்டர் எடுத்துச் சொன்னார். ஆனாலும் ஓட்டும்படி சூப்பர்வைசர் சொன்னார். அவர் விரல் மாட்டிக்கொண்டது.

மேடம் கடைசி வாக்கியத்தில் விரலை வைத்தார். “அவர் விரல்னா ஆரு விரலுங்க்கா? சூப்பர்வைசர் விரலா?”

அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. ஆபரேட்டரின் விரல் என்று திருத்தி, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மேடம் எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அவரிடமே கேட்டார்: “ஏனுங்கண்ணா, ஸ்பிரிங் மாத்தற வரைக்கும் கூட நிக்க முடியாத அளவுக்கு உங்களை ஆருங்க அவசரப்படுத்துனது?”

அவர் தயங்கினார். “அன்னிக்கே பேக்கிங் போகோணும்னு மேலருந்து...”

“மேலருந்துன்னா ஆருங்க?”

“நீங்கதானுங்க மேடம்.”

மேடம் பேனாவை எடுத்தார். மெயிலின் தலையில், எல்லா வாக்கியத்துக்கும் முன்னால், தன் கையால் எழுதினார்: We had told the supervisor to finish the order that day. அன்றைக்கே ஆர்டரை முடிக்கும்படி சூப்பர்வைசரிடம் நாங்கள்தான் சொல்லியிருந்தோம். கீழே தன் பெயரைப் போட்டுக் காகிதத்தை முதலாளியிடம் நீட்டினார்.

அவர் மெதுவாக வாசித்தார். எங்கள் ஆர்டர்களில் பாதி அந்தப் பையருடையது. அது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் காகிதத்தை மேடத்திடம் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். அனுப்பிப்போடுங்க. அந்தப் புள்ளை நோட்டீஸைக் கிழிச்சுப்போடுங்க.”

பதில் வருவதற்குள் நாங்கள் பட்ட பாடு! மெயில் வந்த சத்தம் கேட்டாலே நான் எழுந்து நின்றுவிடுவேன். பிரபு என் மேஜைப் பக்கம் வந்து வந்து எட்டிப் பார்ப்பார். மேடம் மட்டும் வழக்கம்போல இருந்தார். ஆனால் டீயில் சர்க்கரை போடாமலே குடித்தார், அது அவருக்குத் தெரியவும் இல்லை.

கடைசியில் பதில் வரவில்லை, ஆளே வந்துவிட்டார். பையரின் பிரதிநிதியாகப் பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள் சொல்லாமல் வந்து இறங்கினார். நேராகப் பட்டன் மெஷினுக்குப் போனார். ராகேஷிடம் பேசினார், சூப்பர்வைசரிடம் பேசினார், முத்துமாரியை வீட்டிலிருந்து வரவழைத்துப் பேசினார். மூன்று பேரும் மெயிலில் இருந்ததையே சொன்னார்கள். பிறகு ஆபீசுக்கு வந்து எங்கள் முன் உட்கார்ந்தார்.

“எல்லா ஊர்லயும் ஆக்ஸிடென்ட் ரிப்போர்ட் படிக்கிறேன்,” என்றார். “எல்லாத்துலயும் மெஷின் தானா ஓடும், கவர் தானா கழண்டுக்கும், லேபர் மட்டும் கவனமில்லாம இருப்பாங்க. நாங்கதான் அவசரப்படுத்தினோம்னு ஒரு கம்பெனி எழுதி நான் பாத்ததே இல்ல. எழுதினது யாரு?”

நான் மேடத்தைக் காட்டினேன். அதே நொடியில் மேடம் என்னைக் காட்டினார்.

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை! ஆனால் நிபந்தனை ஒன்று வந்தது. கவரைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும்படி, எல்லாப் பட்டன் மெஷின்களிலும் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். யாரும் யாரையும் ஓட்டச் சொல்ல முடியாது, சொன்னாலும் ஓடாது. அந்த ஷிப்மெண்டைத் தாமதமாக அனுப்பவும் பையர் ஒப்புக்கொண்டார். ராகேஷ்தான் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து, ஸ்பேனர் இல்லாமல் தூக்கித் திறக்கிற புதுக் கவரும் சுவிட்சும் மாட்டினான்.

விரல் ஆறி முத்துமாரி வேலைக்கு வந்த அன்று மேடமும் நானும் தையல் பகுதிக்குப் போயிருந்தோம். அவள் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கவரை மேலே தூக்கினாள். லைனில் பக்கத்துப் பெண்கள் தையலை நிறுத்திவிட்டார்கள். முத்துமாரி பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தாள்.

மெஷின் அசையவில்லை.

இன்னும் அழுத்தி மிதித்தாள். எழுந்து நின்று, முழு எடையையும் போட்டு மிதித்தாள். ம்ஹூம்! அச்சு மேலேயே நின்றது. “ஓடாது அக்கா, ஓடவே ஓடாது!” என்று ராகேஷ் அந்தக் கோடியிலிருந்து கத்தினான்.

முத்துமாரி திரும்பி, தூணோரம் நின்றிருந்த சூப்பர்வைசரைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“யண்ணே, இப்ப ஓட்டச் சொல்லுங்க பாப்போம்!”

லைன் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சூப்பர்வைசரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நடந்து வந்து, குனிந்து, கவரைத் தன் கையால் இறக்கிச் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்.

“இப்ப ஓட்டு கண்ணு,” என்றார்.